அலெக்சாந்தர் கிரகாம் பெல் (1847 – 1922): மெல்லிய ஒலியைத் தேடியவர்



கிரகாம் பெல் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது தொலைபேசி. ஒரு வரி வினாவுக்கு அந்த விடை போதும். ஆனால் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரையில் ஒருவரின் வெற்றியை மட்டும் எழுதினால் அது அரைக் கட்டுரையே ஆகும். அவர் எங்கே தோற்றார், ஏன் தோற்றார், தோற்றபின் என்ன செய்தார் என்பனவும் அதில் இடம்பெற வேண்டும்.

1881 ஆம் ஆண்டில் ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்றுவதற்காகப் பெல் அவசர அவசரமாக ஒரு கருவியைச் செய்தார். அந்த வேலையில் அது தோற்றது. எனினும் இன்று நமது வடபகுதி நிலங்களில் கண்ணிவெடி தேடுவோர் கையில் உள்ள உலோகம் கண்டறியும் கருவிக்கு அதுவே முன்னோடி. இப்பாடத்தில் அந்தக் கதைக்கே கூடிய இடம் தரப்பட்டுள்ளது.

1. இளமையும் குடும்பமும்

பெல் 1847 மார்ச் 3 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தையார் அலெக்சாந்தர் மெல்வில் பெல் பேச்சுப் பயிற்சி ஆசிரியர். ஒவ்வோர் ஒலியையும் உச்சரிக்கும்போது நாவும் உதடும் இருக்கும் நிலையைக் குறியீடுகளால் எழுதிக் காட்டும் முறையொன்றை அவர் உருவாக்கியிருந்தார். தாயார் எலைசாவுக்குக் காது மிகவும் மந்தம். மற்றவர்கள் ஊதுகுழல் போன்ற கருவியை அவர் காதில் வைத்து உரத்துப் பேசுவார்கள். பெல்லோ தாயின் நெற்றியருகே வாயை வைத்து, தாழ்ந்த, தெளிவான குரலில் பேசுவார். தாய்க்கு அது விளங்கியது. சத்தத்தைக் கூட்டுவது மட்டுமே கேட்கச் செய்யும் வழியல்ல என்பதை அவர் வீட்டிலேயே கற்றுக்கொண்டார் எனலாம்.

பெல்லின் சகோதரர்கள் இருவரும் காசநோயால் இறந்தனர். தம்பி எட்வேர்ட் 1867 இலும் அண்ணன் மெல்வில் 1870 இலும் மறைந்தனர். எஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டுமென்று பெற்றோர் 1870 இல் கனடாவின் பிரான்ட்போர்ட் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். அடுத்த ஆண்டு பெல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்குச் சென்று செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். 1873 இல் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி பெற்றார். ஐந்து வயதில் காய்ச்சலால் செவிப்புலனை இழந்த மேபல் ஹபார்ட் என்ற மாணவியை 1877 இல் திருமணம் செய்தார்.

2. தொலைபேசியும் இரைச்சலும்

1876 பெப்ரவரி 14 ஆம் திகதி பெல்லின் தொலைபேசி உரிம விண்ணப்பம் பதிவு செய்யப்பட்டது. அதே நாளில் எலிசா கிரே என்பவரும் ஒத்த கருவியொன்றுக்கு முன்னறிவித்தல் கொடுத்திருந்தார். இதனால் யார் முதல்வர் என்ற வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. நீதிமன்றங்கள் பெல்லின் உரிமத்தை உறுதிசெய்தன. மார்ச் 7 இல் உரிமம் கிடைத்தது. மார்ச் 10 இல் அடுத்த அறையிலிருந்த உதவியாளர் தோமஸ் வொற்சனுக்குப் பெல்லின் பேச்சு கம்பிவழியே தெளிவாகக் கேட்டது.

தொலைபேசி வந்ததும் புதிய தொல்லையொன்றும் வந்தது. அருகால் செல்லும் தந்திக் கம்பிகளின் படபடப்பு, மின்காந்தத் தூண்டலால் தொலைபேசிக் கம்பியிற் புகுந்து பேச்சோடு கலந்தது. இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கினால் அவை இரண்டிலும் ஒரே அளவாகப் புகும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று பெல் கண்டார். இதற்கான உரிமத்தை 1881 இல் பெற்றார். உங்கள் பாடசாலைக் கணினி அறையில் உள்ள வலையமைப்புக் கம்பியை வெட்டிப் பார்த்தால் உள்ளே சோடி சோடியாக முறுக்கிய கம்பிகளைக் காணலாம். அவை இந்த எண்ணத்தின் வழிவந்தவையே.

3. சனாதிபதியின் உடலில் ஒரு குண்டு

1881 யூலை 2 ஆம் திகதி காலை, வாஷிங்ரன் நகரப் புகையிரத நிலையத்தில் அமெரிக்க சனாதிபதி ஜேம்ஸ் கார்பீல்டைச் சாள்ஸ் கிற்றோ என்பவன் சுட்டான். ஒரு குண்டு கையை உரசிச் சென்றது. மற்றையது முதுகின் வலப்பக்கத்தால் உள்ளே புகுந்து வெளியே வரவில்லை.

குண்டு எங்கே இருக்கிறது? அதுவே மருத்துவர்கள் முன் இருந்த வினா. எக்ஸ் கதிரை ரொன்ற்ஜன் கண்டுபிடித்தது 1895 இல். ஆகவே உடலின் உள்ளே பார்க்க வழியில்லை. மருத்துவர்கள் கழுவாத விரல்களாலும் தூய்மையாக்காத கருவிகளாலும் காயத்தைத் துழாவினார்கள். கிருமிகளைப் பற்றி லிஸ்டர் என்ற பிரித்தானிய மருத்துவர் 1867 இலேயே எழுதியிருந்தபோதும் அமெரிக்க மருத்துவர் பலர் அதை ஏற்கவில்லை.

இச்செய்தியை அறிந்த பெல், பொஸ்ரனில் கருவுற்றிருந்த மனைவியை விட்டு வாஷிங்ரனுக்கு வந்தார். அங்கிருந்த தமது ஆய்வுகூடத்தில் சம்னர் ரெயின்ரர் என்ற துணைவருடன் இரவு பகலாக வேலை தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 34.

4. கருவி வேலை செய்யும் விதம்

டேவிட் ஹியூஸ் என்பவர் 1879 இல் செய்த தூண்டற் சமநிலை என்னும் அமைப்பே பெல்லின் கருவிக்கு அடிப்படை. விஞ்ஞான பாடத்தில் மின்காந்தத் தூண்டல் படித்திருப்பீர்கள். அதை நினைவிற் கொண்டு பின்வரும் படிகளை வாசியுங்கள்.

(அ) ஒரு சுருளினூடாகப் பற்றரியின் மின்னோட்டம் விட்டுவிட்டுச் செலுத்தப்படும். இதனால் மாறும் காந்தப்புலம் உண்டாகும்.

(ஆ) இரண்டாவது சுருள் தொலைபேசியின் கேட்கும் பகுதியுடன் இணைக்கப்பட்டிருக்கும். முதலாவது சுருளின் தாக்கம் அதில் ஒன்றையொன்று சமன்செய்து அழியும்படி சுருள்கள் வைக்கப்படும். ஆகவே காதில் ஒலி இராது.

(இ) அருகே உலோகம் வந்தால் அதில் சுழிப்போட்டம் தூண்டப்படும். அது தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். சமநிலை குலையும். காதில் மெல்லிய ரீங்காரம் கேட்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இக்கருவியில் விரியலாக்கி இல்லை. வலுவற்ற மின் சைகையைப் பெரிதாக்கும் முக்கதவக் குழாயை டி போரஸ்ட் செய்தது 1906 இல். திரான்சிற்றர் வந்தது 1947 இல். எனவே பெல்லிடம் இருந்தவை சமநிலைப்படுத்திய சுருள்களும், தொலைபேசியும், பழகிய ஒரு செவியும் மட்டுமே. கேட்கும் ஒலியைப் பெரிதாக்க முடியாதபோது சுற்றியுள்ள இரைச்சலைக் குறைப்பதே அவருக்கிருந்த வழி.

குண்டொன்றை மூடிய கையிலும், தவிடு நிரப்பிய சாக்கிலும், இறைச்சித் துண்டிலும் மறைத்துத் தேடிப் பார்த்தார். உள்நாட்டுப் போரில் காயப்பட்டு உடலிற் குண்டுடன் வாழ்ந்த முதிய வீரரிடமும் பரிசோதித்தார். கருவி குண்டைக் காட்டியது. சுற்றில் கொள்ளளவி ஒன்றைச் சேர்த்ததும் ஒலி மேலும் தெளிவாயிற்று.

5. வெள்ளை மாளிகையில் இரு பரிசோதனைகள்

முதலாவது பரிசோதனை யூலை 26 ஆம் திகதி மாலை நடைபெற்றது. ஆய்வுகூடத்தில் அமைதியாக இருந்த கருவி அங்கே காரணந் தெரியாமல் படபடவென்று இரைந்தது. குண்டின் ஒலி எது, கருவியின் ஒலி எது என்று பிரிக்க இயலவில்லை. அவசரத்தில் கொள்ளளவி பிழையாக இணைக்கப்பட்டிருந்தது என்பது திரும்பி வந்து பார்த்தபோதே தெரிந்தது.

இரண்டாவது பரிசோதனை ஓகஸ்ட் 1 ஆம் திகதி நடந்தது. இம்முறை கருவி திருத்தமாக இருந்தது. சனாதிபதியின் உடலின் வலப்பக்கத்தில் மெல்லிய ஒலி கேட்கவும் செய்தது. ஆனால் அது ஓரிடத்தில் மட்டும் கேட்கவில்லை; அகன்ற பரப்பெங்கும் கேட்டது. சிறிய ஈயக் குண்டு இவ்வாறு ஒலிக்காது. மறுநாள் பெல் விசாரித்தபோது, சனாதிபதி படுத்திருந்த குதிரைமயிர் மெத்தையின் கீழே உருக்குக் கம்பியாலான இன்னொரு மெத்தை இருந்தது தெரியவந்தது. அதுபோன்ற மெத்தையொன்றைப் பெற்று அதையும் அவர் ஆராய்ந்தார்.

தலைமை மருத்துவர் பிளிஸ், குண்டு வலப்பக்கத்திலேயே இருப்பதாக முன்பே முடிவுசெய்திருந்தார். பெல்லின் தேடுதல் அந்தப் பக்கத்தோடு நின்றது. வலப்பக்கத்திற் கேட்ட ஒலி தமது முடிவை உறுதிசெய்வதாகப் பிளிஸ் அறிவித்தார்.

ஓகஸ்ட் 15 ஆம் திகதி பெல்லின் மனைவிக்கு உரிய காலத்துக்கு முன்பே ஆண் குழந்தை பிறந்து சில மணி நேரத்தில் இறந்தது. இறந்த தம்பியின் பெயரே அக்குழந்தைக்கும்: எட்வேர்ட். இந்தத் துயரின் பின்னும் பெல் கருவியைத் திருத்தும் வேலையைக் கைவிடவில்லை.

சுடப்பட்டு 79 நாட்களின் பின், செப்ரெம்பர் 19 இல் கார்பீல்ட் இறந்தார். பிரேத பரிசோதனையில் குண்டு உடலின் இடப்பக்கத்தில், சதையியின் பின்னால் காணப்பட்டது. அவரைக் கொன்றது குண்டைவிடக் கழுவாத கைகள் ஏற்படுத்திய கிருமித்தொற்றே என்பது இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்தாகும்.

6. தோல்வியிலிருந்து பெறும் பாடம்

இத்தோல்விக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, கருவிக்குள் எழுந்த இரைச்சல். இரண்டாவது, சூழலில் இருந்த வேறு உலோகம். மூன்றாவது, தேட அனுமதித்த இடம். முதல் இரண்டையும் பெல்லால் திருத்த முடிந்தது. மூன்றாவது அவர் கையில் இருக்கவில்லை. எவ்வளவு நல்ல கருவியாயினும் வலப்பக்கத்தை மட்டும் தேடினால் இடப்பக்கக் குண்டைக் காட்டாது. விடையை முன்பே தீர்மானித்துவிட்டுத் தேடுபவருக்கு எந்தக் கருவியும் உதவாது என்பதை இங்கே குறித்துக் கொள்ளுங்கள்.

பெல் தம் வேலையை மறைக்கவில்லை. என்ன செய்தார், எங்கே பிழைத்தது என்பவற்றை விரிவாக எழுதி 1882 ஓகஸ்டில் மொன்றியல் நகரில் கூடிய விஞ்ஞானிகள் மாநாட்டில் சமர்ப்பித்தார். குண்டில் முட்டியதும் தொலைபேசியில் ஒலி எழுப்பும் ஊசிக் கருவியொன்றையும் உருவாக்கினார். எக்ஸ் கதிர் பரவும்வரை அதை மருத்துவர் சிலர் பயன்படுத்தினர்.

7. பின்னாளைய வாழ்க்கை

1882 இல் பெல் அமெரிக்கப் பிரசையானார். பார்வையும் செவிப்புலனும் இழந்த சிறுமி ஹெலன் கெல்லரை அவரது தந்தை பெல்லிடம் அழைத்து வந்தார். அவர்களைப் பொஸ்ரன் பேர்க்கின்ஸ் பாடசாலையிடம் வழிப்படுத்தியவர் பெல்லே. அதன் வழியாகவே ஆன் சலிவன் ஆசிரியை ஹெலனுக்குக் கிடைத்தார். 1909 இல் பெல்லின் குழு செய்த வெள்ளி அம்பு என்னும் விமானம் கனடாவிற் பறந்தது. 1919 இல் அவரது நீர்மேல் விரையும் படகு மணிக்கு ஏறத்தாழ 114 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது.

அவரைப் பற்றிய குறையொன்றையும் நீங்கள் அறிய வேண்டும். செவிப்புலனற்றோர் சைகை மொழியை விடுத்து வாய்ப்பேச்சையே கற்க வேண்டும் என்று பெல் வாதிட்டார். அக்கருத்துச் சைகை மொழியைப் பாடசாலைகளிலிருந்து ஒதுக்க உதவியது. செவிப்புலனற்றோர் சமூகம் இதனை இன்றும் கண்டிக்கின்றது.

1922 ஓகஸ்ட் 2 ஆம் திகதி கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பெல் காலமானார். இறுதிக் கிரியையின்போது வட அமெரிக்காவின் தொலைபேசிகள் ஒரு நிமிடம் மௌனமாக்கப்பட்டன. ஒலியின் செறிவையும் மின் சைகையின் வலுவையும் ஒப்பிட நாம் வழங்கும் தெசிபெல் என்னும் அலகு அவர் பெயரைத் தாங்கியது.

8. இன்றைய கருவியும் அதன் முதற்கட்ட விரியலாக்கியும்

பெல்லிடம் இல்லாத விரியலாக்கி இன்று உங்களுக்குக் குறைந்த விலையிற் கிடைக்கும். விஞ்ஞானக் கண்காட்சிக்காக உலோகம் கண்டறியும் கருவி செய்ய விரும்பும் மாணவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, விரியலாக்கி சைகையோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும் என்பதாகும்.

மின்சாரமில்லாத 1990களில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நிலையம் சரியாகப் பிடிபடாதபோது சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் கூடியதேயன்றிச் செய்தி தெளியவில்லை. இங்கும் அதே நிலைதான்.

ஓர் உதாரணம். வாங்கிச் சுருளிலிருந்து வரும் சைகை 2 மைக்குரோவோல்ற்று எனக் கொள்வோம். முதற்கட்டத்தின் சொந்த இரைச்சல் 1 மைக்குரோவோல்ற்று. அது 100 மடங்கு விரியலாக்குகிறது. வெளியே 200 சைகையும் 100 இரைச்சலும் வரும். இரண்டாங் கட்டத்தின் இரைச்சல் 5 ஆக இருந்தாலும் 100 இன் முன் அது பொருட்டல்ல. கட்டங்களை மாற்றி வைத்தால் 2 சைகை 5 இரைச்சலுள் தொடக்கத்திலேயே அமிழ்ந்துவிடும். பின்னால் எத்தனை கட்டம் சேர்த்தும் மீட்பது கடினம். ஆகவே முதற்கட்டமே மிக அமைதியானதாக இருக்க வேண்டும்.

இந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? எந்தத் தடையியிலும் இலத்திரன்கள் வெப்பத்தால் ஓயாது அலைகின்றன. இதனால் எழும் இரைச்சலை ஜோன்சன் அளந்தார், நைக்குவிஸ்ட் விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் 1928 இல் வெளிவந்தன. இருவரும் பெல்லின் பெயர் தாங்கிய தொலைபேசி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அறை வெப்பநிலையில் 1000 ஓம் தடையி 10,000 ஹேர்ட்ஸ் அகலத்தில் சுமார் 0.4 மைக்குரோவோல்ற்று இரைச்சலைத் தரும். தடையை நான்கில் ஒன்றாக்கினால் இரைச்சல் அரைவாசியாகும்.

முதற்கட்டத்தை அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

• என்.இ. 5534 போன்ற குறைந்த இரைச்சலுடைய செயற்பாட்டு விரியலாக்கியைத் தெரிவுசெய்க.
• உள்ளீட்டுப் பக்கத் தடையிகளின் பெறுமானத்தை இயன்றளவு சிறிதாக வைக்க.
• சுருளிலிருந்து வரும் கம்பிகளைக் குறுகியதாக வைத்து முறுக்குக. கவசமுள்ள கம்பி மேலும் நன்று.
• மின்வழங்கலுக்கு இரண்டு 9 வோல்ற்றுப் பற்றரிகள் போதும். விரியலாக்கியின் மின்வழங்கற் கால்களுக்கு மிக அருகே 0.1 மைக்குரோபரட்டுக் கொள்ளளவிகளை இணைக்க.
• தேவையான அதிர்வெண்ணை மட்டும் விடும் வடிகட்டியைச் சேர்க்க. அகலம் குறைய இரைச்சலும் குறையும்.
• மர மேசையில் நாணயத்தை வைத்துப் பரிசோதிக்க. மேசையின் ஆணி, கைக்கடிகாரம் ஆகியவற்றை முதலில் அகற்றுக. சனாதிபதியின் மெத்தையை மறக்க வேண்டாம்.

9. நமது மண்ணில்

இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டு அதிகாரி யோசெப் கொசாக்கி அமைத்த கருவி 1942 இல் எல் அலமெயின் போர்க்களத்தில் கண்ணிவெடிகளைத் தேடப் பயன்பட்டது. நமது நாட்டில் 2009 இல் போர் முடிந்தபின்னும் குடாநாட்டின் வாசலான முகமாலைப் பகுதியில் பல ஆண்டுகளாகக் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்தது. அதில் ஈடுபட்டோரில் நம் பெண்களும் பலர். இலங்கை 2017 இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது.

வெயிலில் முழந்தாளிட்டு ஒரு சிறு ஒலிக்குச் செவி கொடுக்கும் அத்தொழிலாளியின் நிலையும் பெல்லின் நிலையும் ஒன்றே. ஆணியும் ஒலிக்கும், தகரமும் ஒலிக்கும், இரும்புச் சேர்வை மிகுந்த மண்ணும் மெல்ல ஒலிக்கும். எந்த ஒலியையும் அலட்சியம் செய்ய முடியாது.

முக்கிய எச்சரிக்கை: நீங்கள் செய்யும் கருவி வகுப்பறைக்கே உரியது. அதனுடன் வெறுங்காணிகளுக்கோ பற்றைகளுக்கோ போகக் கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பெரியவர்களுக்கும் பொலிசாருக்கும் அறிவியுங்கள்.

காலவரிசை

1847 – எடின்பரோவிற் பிறப்பு
1870 – கனடாவுக்குக் குடிபெயர்தல்
1876 – தொலைபேசி உரிமம்
1877 – திருமணம்
1881 – கார்பீல்டின் உடலிற் குண்டு தேடல்
1882 – மொன்றியல் மாநாட்டிற் கட்டுரை, அமெரிக்கப் பிரசையாதல்
1922 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. தாயாருடன் பெல் பேசிய முறை யாது? அது அவருடைய பிற்கால வேலையோடு எவ்வாறு தொடர்புபடுகின்றது?
2. உலோகம் அருகே வரும்போது தூண்டற் சமநிலை குலைவது ஏன்?
3. யூலை 26, ஓகஸ்ட் 1 ஆகிய இரு பரிசோதனைகளிலும் ஏற்பட்ட தடைகளை ஒப்பிடுக.
4. முதற்கட்ட விரியலாக்கி குறைந்த இரைச்சலுடையதாக இருக்க வேண்டியதற்கான காரணத்தை உதாரணத்துடன் விளக்குக.
5. சிறந்த கருவி இருந்தும் சரியான இடத்தில் தேடாவிட்டால் பயனில்லை என்பதைப் பெல்லின் வாழ்க்கை நிகழ்வைக் கொண்டு 200 சொற்களில் கட்டுரையாக எழுதுக.

குறிப்பு: 5 ஆம் வினாவுக்கு விடை எழுதும்போது பிளிஸ் மருத்துவரைக் குறை கூறுவதோடு நின்றுவிட வேண்டாம். தோல்வியின் பின் பெல் என்ன செய்தார் என்பதையும் எழுதினாலே விடை முழுமை பெறும்.